யாத்திரைப் பக்கம்: சுங்கிங் மாளிகையில் ஓர் அறை

நம்மவர் இல்லங்களில் வெளிநாட்டுப் பயணம் என்பது இந்நாளில் அரிய செய்தி அன்று. மும்பையில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் தோக்கியோவிலும் அலுவல் பார்க்கிறார்கள். அவர்களைக் காணப் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் புறப்படுகிறார்கள். சிறு வாணிகம் செய்வோர் சரக்குப் பார்த்து வரச் செல்கிறார்கள். விமானக் கட்டணத்தை எப்படியோ சேர்த்துவிடுகிறோம். அங்கே போய் இறங்கிய பின் கையைக் கடிப்பது தங்குமிடச் செலவுதான். பிள்ளையின் வீட்டிலேயே தங்கலாமே எனின், அந்நகரங்களில் இளைஞர் வாடகைக்குப் பிடிக்கும் வீடு பெரும்பாலும் ஒரு கட்டிலும் ஒரு மேசையும் போட்ட பின் நிற்க இடமில்லாத அறையாகவே இருக்கிறது. ஆகவே, ‘குறைந்த வாடகையில் எங்கே தங்கலாம்? பெண்டு பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தக்க இடந்தானா?’ என்று நேயர்கள் நம்மைக் கேட்ட வண்ணம் இருக்கிறார்கள்.

இதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. ஒன்று பணத்தைப் பற்றியது. மற்றொன்று அச்சத்தைப் பற்றியது. முதற்கேள்விக்கு விடை எளிது. இரண்டாவதற்குத்தான் சற்று நின்று விடை கூற வேண்டும். மலிவு விடுதி என்றவுடன் நம்மில் பெரும்பாலோர் அங்கே தங்கியிருக்கும் மனிதர்களைக் கண்டு அஞ்சுகிறோம். அக்கட்டடத்தின் மாடிப்படி எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. அஞ்ச வேண்டாதவற்றுக்கு அஞ்சி, அஞ்ச வேண்டியதை மறந்துவிடுகிறோம். இதனை விளக்க, நாம் 2024ஆம் ஆண்டு நவம்பரில் ஆறு இரவுகள் தங்கிய கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். ஹாங்காங்கில் கௌலூன் பகுதியில் உள்ள சுங்கிங் மேன்ஷன்ஸ் என்பது அதன் பெயர்.

‘மேன்ஷன்’ என்ற சொல் நமக்குப் புதிதன்று. சென்னைத் திருவல்லிக்கேணியில் மணமாகாத இளைஞர்கள் மாத வாடகைக்கு அறை எடுத்து, கயிற்றில் வேட்டி உலர்த்தி வாழும் கட்டடங்களுக்கு நம்மவர் வழங்கும் பெயர் அதுதான். ஆங்கிலத்தில் பெருமாளிகையைக் குறிக்கும் சொல் தமிழில் சிற்றறைக் கட்டடத்தைக் குறிக்க வந்தது ஒரு வேடிக்கை. அதே வேடிக்கையை ஹாங்காங்கிலும் காணலாம். சீனாவின் போர்க்காலத் தலைநகராய் விளங்கிய சுங்கிங் மாநகரின் பெயரைத் தாங்கிய இம்மாளிகை 1961ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்றது. நேதன் சாலையில், கடற்கரையிலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. கீழே கடைத்தளம் ஒன்றே. அதன் மீது ஐந்து தனித்தனிப் பகுதிகள் 17 அடுக்குகள் வரை எழும்பி நிற்கின்றன. குடும்பங்கள் வாழ்வதற்கென்றே இது கட்டப்பட்டது. நாளடைவில் வீடுகளைத் தடுத்துத் தடுத்து அறைகளாக்கினர், அறைகள் விடுதிகளாயின. 1970களில் முதுகில் மூட்டையுடன் உலகைச் சுற்றிய மேலைநாட்டு இளைஞர் வந்தனர். பின்னர் இந்தியரும் பாகிஸ்தானியரும் நேப்பாளியரும், அவர்களுக்குப் பின் ஆப்பிரிக்க வணிகரும் வந்தனர்.

ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் பேராசிரியர் கோர்டன் மேத்யூஸ் என்பார் ஆண்டுக்கணக்கில் இங்கே தங்கி ஆராய்ந்து, 2011ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். விடுதிப் பதிவேடுகளில் 129 நாட்டினரைத் தாம் கண்டதாக அவர் கூறுகிறார். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள நாடுகளில் அந்நாளில் புழங்கிய கைப்பேசிகளில் ஐந்தில் ஒரு பங்கு இக்கட்டடத்தின் வழியே சென்றிருக்கலாம் என்பது அவருடைய மதிப்பீடு. கானாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் ஒருவர் வருவார்; மலிவான அறையில் நான்கு நாள் தங்குவார்; கீழ்த்தளத்துக் கடைகளில் கைப்பேசிகளை வாங்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு விமானம் ஏறுவார். பெரிய கம்பெனிகளின் கப்பல்கள் செய்யும் வாணிகத்தை இவர்கள் தம் தோள் வலியால் செய்தார்கள்.

இவ்வளவு பேர் கூடுமிடத்துக்குக் கெட்ட பெயரும் கூடவே வரும். கள்ளக் கைக்கடிகாரம் விற்போர், போதைப் பொருள் விற்போர், ஏமாற்றும் தரகர் என்று பல கதைகள் இம்மாளிகையைச் சுற்றி எழுந்தன. வாங் கார்-வாய் இயக்கிய ‘சுங்கிங் எக்ஸ்பிரஸ்’ என்னும் திரைப்படம் 1994ஆம் ஆண்டு வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. இம்மாளிகையின் இருண்ட நடைவழிகளை அது உலகுக்கே காட்டியது. ஹாங்காங்கிலேயே பிறந்து வளர்ந்த சீனர் பலர் நெடுங்காலம் இதன் வாயிலைக் கூட மிதித்ததில்லை. கதைகள் முற்றும் பொய் என்று நாம் கூறவில்லை. இப்போது கட்டடம் முழுவதும் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டுள்ளன, காவலர் நிற்கிறார்கள், நிலைமை பெரிதும் திருந்தியிருக்கிறது.

நாம் அங்கே தங்க நேர்ந்த வரலாறு இது. நம் பெரியம்மாவுக்கு வயது 78. அவருடைய பேத்தி ஹாங்காங்கில் பணியாற்றுகிறாள். அவளைக் காண வேண்டும் என்று பெரியம்மா விரும்பியதால், துணையாக நாம் சென்றோம். பேத்தியின் அறையில் மூவர் படுக்க இடமில்லை. ஆகவே நேதன் சாலைக்கு அருகே வேறொரு தெருவில் உள்ள ஒரு விடுதியில் முன்னதாகவே பணம் கட்டி அறை பதிவு செய்திருந்தோம். பேத்தி தொலைபேசியில் ஒரே ஒரு எச்சரிக்கை சொல்லியிருந்தாள்: “பெரியப்பா, கதவில் அரசாங்க உரிமம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே நுழையுங்கள்.”

விமான நிலையத்திலிருந்து ஏ21 என்ற எண்ணுள்ள பேருந்தில் வந்து இறங்கினோம். விடுதிக்காரர் நம்மை முகமலர்ச்சியுடன் வரவேற்றார். “இங்கே அறைகள் நிறைந்துவிட்டன; பக்கத்துக் கட்டடத்தில் எங்களுக்கு இன்னொரு விடுதி உண்டு; அதைவிட நல்ல அறை,” என்று கூறி, பெரியம்மாவின் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். அவர் காட்டிய இடத்தில் பெயர்ப்பலகை இல்லை, உரிமமும் இல்லை. சாதாரண வீட்டுக் கதவு ஒன்று இருந்தது. உள்ளே குறுகிய வழியின் இருபுறமும் பலகைத் தடுப்புகள். “கீழே காவலர் யாரேனும் கேட்டால் எங்கள் உறவினர் என்று சொல்லிவிடுங்கள்,” என்று அவர் மெல்லிய குரலில் கூறினார். நாம் அதைத் தமிழில் பெரியம்மாவுக்கு எடுத்துச் சொன்னோம். அவர் வாயிற்படியிலேயே நின்றுவிட்டார். “உறவு சொல்லிக்கொண்டு வாடகை வாங்குகிற வீட்டை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். பெட்டியை எடு, போகலாம்,” என்றார்.

முன்பணம் திரும்பி வரவில்லை. இரவு பத்து மணி. அந்த நேரத்தில் அலைந்து திரியாமல் செல்லக்கூடிய இடம் என்று பேத்தி சொன்னது சுங்கிங் மாளிகை. அங்கே ஏ, பி, சி, டி, ஈ என்னும் ஐந்து பகுதிகளிலும் விடுதிகள் அடுக்கடுக்காக உண்டு.

வாயிலில் நின்ற கூட்டத்தைக் கண்டால் யாருக்கும் ஒரு கணம் தயக்கம் தோன்றும். தரகர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள், அவர்களுக்கு ‘வேண்டா’ என்று ஒரே சொல்லில் விடையளித்து, நின்று பேசாமல் நடப்பதே நல்லது. உள்ளே நாணய மாற்றுக் கடைகள், கைப்பேசிக் கடைகள், துணிக் கடைகள், மளிகைக் கடைகள் நெருங்கி நிற்கின்றன. வாயிலுக்கு நேரே உள்ள நாணய மாற்றுக் கடையைவிட உள்ளே தள்ளியிருக்கும் கடைகளில் பெரும்பாலும் நல்ல விலை கிடைக்கிறது. பெரியம்மாவோ ஒரு மளிகைக் கடையின் முன் நின்று, பெருங்காய டப்பாவையும் துவரம் பருப்பையும் பார்த்துவிட்டு, “மாதுங்கா மார்க்கெட்டில் இல்லாதது இங்கே ஒன்றும் இல்லை போலிருக்கிறதே!” என்றார். அவருடைய தயக்கம் அத்துடன் தீர்ந்தது.

பதினோராம் மாடியில், கதவருகே உரிமம் மாட்டியிருந்த ஒரு விடுதியில் அறை கிடைத்தது. பஞ்சாபைச் சேர்ந்த ஒருவர் அதனைக் கவனித்து வந்தார். கடவுச்சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். வாடகைக்கு ரசீது கொடுத்தார். அறை நம் ரயில் வண்டியின் ஒரு தடுப்பைவிடச் சற்றே பெரியது. இரண்டு கட்டில்கள், அவற்றின் நடுவே ஒருவர் ஒருக்களித்து நிற்கலாம். பெட்டிகளைக் கட்டிலின் கீழே தள்ள வேண்டும். குளியலறையில் கழிகலத்துக்கு நேர் மேலேயே நீர்த்தூவி இருந்தது. குளித்து முடித்தால் அறையனைத்தும் நீராடிவிடும். சன்னலைத் திறந்தால் எதிர்ப் பகுதியின் சுவரும் குழாய்களுமே காட்சி. ஆயினும் விரிப்புகள் வெளுத்திருந்தன, வெந்நீர் வந்தது, கதவுத் தாழ் உறுதியாக இருந்தது. நடுத்தர ஓட்டல் ஒன்றில் ஓர் இரவுக்குக் கேட்ட தொகையில் இங்கே மூன்று இரவுகள் கழிந்தன.

ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு சிறிய லிப்டுகள்தாம் உள்ளன. ஒன்று ஒற்றைப்படை மாடிகளுக்கும் மற்றொன்று இரட்டைப்படை மாடிகளுக்கும் செல்லும். காலையும் மாலையும் வரிசையில் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் பாரம் மிகுந்து மணி அடித்தது. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றோம். மூட்டையுடன் நின்ற ஆப்பிரிக்க வணிகர் ஒருவர், பெரியம்மாவைச் சுட்டிக்காட்டித் தலையசைத்துவிட்டு, தாமே இறங்கி வரிசையின் கடைசிக்குச் சென்றார். கீழே சிம் கார்டு விற்ற பாகிஸ்தானியர் ‘மாஜி’ என்று அழைத்து முக்காலியை இழுத்துப் போட்டார். பெரியம்மா தம் மும்பை இந்தியில் அவருடைய மனைவி மக்களைப் பற்றி விசாரித்தார். லாகூரை விட்டு வந்த ஒருவரும் மன்னார்குடியை விட்டு வந்த ஒருவரும் ஹாங்காங்கில், இருவருக்கும் தாய்மொழியாகாத ஒரு மொழியில், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இவ்வளவு சிறிய அறையில் உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா?” என்று அன்றிரவு கேட்டோம். பெரியம்மா சிரித்தார். “நான் 1966ல் மும்பைக்கு வந்தபோது, உன் பெரியப்பாவின் அறையில் ஏற்கெனவே நான்கு பேர் இருந்தார்கள். வேறு அறை தேடிப் போனால், மதராஸிகளுக்கு அறை இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். நம்மைப் பார்த்துப் பயந்தவர்களும் அன்றைக்கு இருந்தார்கள். அதை மறந்துவிட்டு நான் இவர்களைப் பார்த்துப் பயப்படலாமா?” என்றார். இதற்கு மேல் நாம் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

இம்மாளிகையில் காணும் மனிதருள் சிலருடைய நிலை நம் கண்ணில் எளிதில் படாது. தம் நாட்டில் உயிருக்கு அஞ்சி வந்து புகலிடம் கேட்டு நிற்போர் அவர்கள். அகதிகளைப் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கை ஹாங்காங்கில் செல்லாது. ஆகவே அவர்கள் வேலை செய்து பிழைக்கச் சட்டம் பொதுவாக இடந்தருவதில்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நாம் ‘சும்மா நிற்கும் கூட்டம்’ என்று ஒதுக்கிவிடும் முகங்களுள் இவர்களுடைய முகங்களும் இருக்கலாம்.

2019ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றையும் இங்கே கூற வேண்டும். நகரெங்கும் கிளர்ச்சி நடந்த காலம் அது. தெற்காசியர் மீது பழி விழுந்து, இம்மாளிகை தாக்கப்படுமோ என்ற அச்சம் பரவியிருந்தது. அக்டோபர் 20ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பெரும் ஊர்வலம் ஒன்று நேதன் சாலை வழியே வந்தது. அப்போது சிறுபான்மை மக்கள் பலர் மாளிகையின் வாயிலில் நின்று, நடந்து வந்தோருக்குத் தண்ணீர்ப் புட்டிகளை வழங்கினார்கள். வெயிற்காலத்தில் நம் ஊர்ச் சாலையோரத்தில் வைக்கும் தண்ணீர்ப் பந்தல் போன்ற செயல் அது. ஊர்வலத்தார் கைதட்டி வாழ்த்திச் சென்றனர். அதன் பின், அதுவரை உள்ளே வராத உள்ளூர்ச் சீனர் பலர் இம்மாளிகையைச் சுற்றிப் பார்க்கவும் இங்கே உணவருந்தவும் வந்தார்கள். அரசியல் வேறு, அதைப் பற்றிய கருத்து அவரவரைச் சார்ந்தது. அரை நூற்றாண்டு வளர்ந்திருந்த அச்சத்தை ஒரு வாய்த் தண்ணீர் தணித்தது என்பதே நாம் கருதத் தக்கது.

மனிதரைப் பற்றிய அச்சம் இவ்வாறு குறையட்டும். உண்மையாகவே அஞ்ச வேண்டியது எது? தீயும் புகையும்.

சுங்கிங் மாளிகையிலேயே 1988ஆம் ஆண்டு தீப்பிடித்து, டென்மார்க் நாட்டிலிருந்து வந்திருந்த பயணி ஒருவர் உயிரிழந்தார். 1991ஆம் ஆண்டு ஹாங்காங் அரசு ஓட்டல்களுக்கும் விருந்தினர் விடுதிகளுக்கும் தனிச் சட்டம் கொண்டுவந்தது. தொடர்ச்சியாக 28 நாட்களுக்குக் குறைந்த காலத்துக்கு அறை விடுவோர் பொதுவாக இதன்படி உரிமம் பெற்றாக வேண்டும். கட்டட உறுதியையும் தீத்தடுப்பு ஏற்பாட்டையும் பார்த்த பின்னரே உரிமம் கிடைக்கும். பேத்தி கதவில் பார்க்கச் சொன்ன தாள் இதுவே. அது வெறும் வரி ரசீதன்று. வெளியேறும் வழி உண்டா என்று ஒருவர் வந்து பார்த்ததற்குச் சான்று.

உரிமம் ஒன்றே போதுமா எனின், போதாது. நாம் சென்ற அதே 2024ஆம் ஆண்டில், ஏப்ரல் 10ஆம் நாள் காலை, சுங்கிங் மாளிகைக்கு வடக்கே ஜோர்டான் பகுதியில் உள்ள நியூ லக்கி ஹவுஸ் என்னும் பழைய கட்டடத்தில் தீப்பிடித்தது. அதிலும் விடுதிகள் பல இருந்தன. ஐவர் இறந்தனர், நாற்பது பேருக்கு மேல் காயமுற்றனர். அக்கட்டடத்தின் தீப்பாதுகாப்பைச் சீர்திருத்துமாறு 2008ஆம் ஆண்டிலேயே ஆணை அனுப்பப்பட்டிருந்தும், அது நிறைவேற்றப்படாமலே இருந்தது. விடுதி தன் அறைக்குள் ஒழுங்காக இருக்கலாம்; அதைத் தாங்கும் கட்டடம் ஒழுங்காக இல்லாவிடில் என் செய்வது?

இது அயல்நாட்டாரின் குறை என்று யாரும் எண்ண வேண்டா. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் இரவு, கொல்கத்தாவின் புர்ரா பஜாரில் ஒரு மலிவு விடுதியில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இறந்தது தீப்பட்டு அன்று. புகையில் மூச்சுத் திணறி. அவர்களுள், தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா சென்றிருந்த ஒரு குடும்பத்தின் இரு குழந்தைகளும் அவர்களுடைய பாட்டனாரும் அடங்குவர். அச்செய்தியைப் படித்த அன்று, நம் வீட்டிலிருந்தும் இப்படித்தானே பேரன் பேத்தியரை அழைத்துக்கொண்டு கிளம்புகிறோம் என்று எண்ணாதவர் யார்?

ஆகவே நேயர்கள் எவ்வூர் சென்றாலும், அறைக்குள் நுழைந்து பெட்டியை வைத்த உடனே செய்ய வேண்டுவது ஒன்று உண்டு. குளிப்பதற்கு முன், தேநீர் அருந்துவதற்கு முன், மாடிப்படியைத் தேடிச் சென்று பாருங்கள். நாம் சுங்கிங் மாளிகையில் முதல் இரவே பதினோராம் மாடியிலிருந்து தரைத்தளம் வரை படி வழியே இறங்கிப் பார்த்தோம். பெரியம்மா இரண்டு மாடிகள் இறங்கி ஏறினார். அறையிலிருந்து படிக்கதவு வரையில் சுவரைத் தடவிக்கொண்டே எண்ணி, “இடக்கைப் பக்கம் ஏழாவது கதவு, இருட்டில் கூட வந்துவிடுவேன்,” என்றார். அவர் செய்த அந்தக் கணக்கை ஒவ்வொரு குடும்பமும் செய்யலாம்.

படிக்கதவு பூட்டியிருந்தாலும், படிகளில் மூட்டைகள் அடுக்கியிருந்தாலும் அவ்விடுதி வேண்டா. சன்னலில் திறக்க முடியாத கம்பி போட்டிருந்தால் வேறு அறை கேளுங்கள். முதியோர் உடன் வந்தால் கீழ்மாடியில் அறை கேளுங்கள். பொதுவாக மறுக்க மாட்டார்கள். தீ என்று கேட்டால் லிப்டில் ஏறாதீர்கள். புகை மேலே எழும். ஆதலால் குனிந்தோ தவழ்ந்தோ செல்லுங்கள். வெளியேறும்போது அறைக் கதவைச் சாத்திவிட்டுச் செல்லுங்கள். நடைவழி முழுதும் புகை நிறைந்திருந்தால் வெளியே ஓடாமல், கதவை மூடி, கீழ் இடுக்கை ஈரத்துணியால் அடைத்து, சன்னல் அருகே நின்று உதவி கேளுங்கள். தீயணைப்புத் துறைக்குத் தொலைபேசியில் அறையின் எண்ணைச் சொல்லுங்கள். ஹாங்காங்கில் அவசர எண் 999. இவற்றைக் குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். பயமுறுத்துவதாகாது, தெருவைக் கடக்கக் கற்றுக்கொடுப்பது போன்றதே.

ஹாங்காங் செல்வோருக்கு இன்னும் சில செய்திகள். இந்தியக் கடவுச்சீட்டு உடையோர், 2017ஆம் ஆண்டு சனவரி முதல், பயணத்துக்கு முன்பே இணையத்தில் தம் வருகையைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு கிடைத்தோர் விசா இன்றி ஒரு முறைக்கு 14 நாட்கள் வரை தங்கலாம். அங்கே மின்சாரம் 220 வோல்ட். நம் நாட்டு மின்செருகி பொருந்தாது. தட்டையான மூன்று கால்கள் கொண்ட அடாப்டரை இங்கிருந்தே வாங்கிச் செல்லலாம். உரிமம் பெற்ற விடுதிகளின் பட்டியலை அந்நாட்டு அரசே இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் விடுதியின் பெயரையும் முகவரியையும் அதில் ஒத்துப் பாருங்கள். வந்த பிறகு வேறு கட்டடத்துக்கு அழைத்துச் சென்றால், அம்முகவரியையும் ஒத்துப் பாருங்கள். உறவினர் என்று சொல்லச் சொன்னால் உடனே புறப்பட்டுவிடுங்கள். முன்பணம் போனால் போகட்டும்.

தனியே செல்லும் பெண்கள், லிப்டு வரிசையிலும் நடைவழியிலும் உற்றுப் பார்க்கும் கண்களைச் சில வேளை எதிர்கொள்ள நேரிடலாம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். வரவேற்பு மேசையில் இரவு முழுவதும் ஆள் இருக்கும் விடுதியை அவர்கள் தேர்வது நலம்.

மாளிகையை விட்டு வெளியே வந்தால் நம் நாட்டின் சுவடுகள் காலடியிலேயே கிடக்கின்றன. பக்கத்துச் சாலைக்கு மோடி சாலை என்று பெயர். ஹார்முஸ்ஜி மோடி என்னும் மும்பைப் பார்சியர், ஹாங்காங்கில் செல்வம் ஈட்டி, 1911ஆம் ஆண்டு அங்கே பல்கலைக்கழகம் தோன்றப் பெருங்கொடை வழங்கினார். துறைமுகத்தின் குறுக்கே இன்றும் ஓடும் ஸ்டார் படகுப் போக்குவரத்துக்கு அடிகோலியவர் தொராப்ஜி நௌரோஜி என்னும் மற்றொரு பார்சியர். சமையற்காரராய் வாழ்வைத் தொடங்கியவர். நேதன் சாலையிலேயே சற்று வடக்கே உள்ள பள்ளிவாசல், ஆங்கிலப் படையில் இருந்த இந்திய முஸ்லிம் வீரர்களுக்காக முதன்முதல் 1896ஆம் ஆண்டு எழுந்தது. இப்போதுள்ள கட்டடம் 1984ஆம் ஆண்டினது. நம் காயல்பட்டினத்து வணிகர் இந்நகரில் பல்லாண்டுகளாய் இரத்தின வாணிகம் செய்து வருகின்றனர். இவர்கள் அனைவரும் முதல் இரவை ஏதோ ஒரு சிறிய அறையில்தான் கழித்திருப்பார்கள். வந்தவருக்கு ஓர் அறை கிடைக்கும் ஊரே வளரும் ஊர்.

நம் முன்னோர் வழிநடப்போருக்குச் சத்திரம் கட்டினார்கள். மதுரை ரயில் நிலையத்தின் எதிரே இராணி மங்கம்மாள் சத்திரத்தை இன்றும் காண்கிறோம். நம்மால் சத்திரம் கட்ட இயலாமற் போகலாம். ஆனால் ஊரிலிருந்து வேலை தேடி மும்பைக்கு வரும் இளைஞன் ஒருவன், ‘தாராவியில் ஓர் அறை பார்த்திருக்கிறேன், மாமா’ என்றோ, ‘அந்தேரியில் ஒரு பெண்கள் விடுதி கிடைத்திருக்கிறது, அத்தை’ என்று ஒரு பெண்ணோ தொலைபேசியில் சொல்லும்போது, ‘வாடகை எவ்வளவு?’ என்று கேட்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். ‘உடன் தங்குவோர் எந்த ஊர்க்காரர்?’ என்றும் கேட்கிறோம். ‘வெளியேறும் படி எத்தனை? அது திறந்திருக்கிறதா?’ என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? சங்கத்து அன்பர்கள் தம் பகுதியில் வந்து தங்கும் பிள்ளைகளின் அறைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் சென்று பார்த்துவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அரை மணி நேர வேலை அது.

மலிவான அறையில் தங்குவது இழிவன்று. நம்மில் பெரும்பாலோரின் குடும்ப வரலாறே அத்தகைய அறையில்தான் தொடங்கியது. வாடகை குறைவாக இருக்கலாம். உள்ளே தங்கும் உயிரின் விலை குறைவானதன்று.

அடுத்த இதழில் பாங்காக் நகரத்து விடுதிகளைப் பற்றி எழுத எண்ணியிருக்கிறோம். அங்கே தங்கி வந்த நேயர்கள் தம் அனுபவங்களை எழுதி அனுப்பினால் நன்றியுடன் பயன்படுத்திக்கொள்வோம்.